டைம்லாப்ஸில் ஓரம் துள்ளுகிறதா, நிறம் மினுக்குகிறதா?

சீரான இடைவெளியில் எடுத்த படங்களைக் கோத்து வீடியோவாக்குவதுதான் டைம்லாப்ஸ். ஒற்றைப் படத்தில் யாருக்கும் தெரியாத பிழை, அதே மாதிரி 300 படங்களை வினாடிக்கு 25 வீதம் ஓட்டிப் பார்க்கும்போது பல்லிளித்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராவோ மென்பொருளோ ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து, தானே ஒரு முடிவெடுத்திருக்கும். எந்த இடத்தில் அப்படி முடிவெடுத்தது என்று கண்டுபிடித்து, அங்கே எண்ணைப் போட்டுப் பூட்டுவதுதான் நம் வேலை. இங்கே சொல்வது லைட்ரூம் கிளாசிக்கில் ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகளை) திருத்தி, தேவைப்பட்டால் எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற டைம்லாப்ஸ் மென்பொருளையும் சேர்த்துக்கொள்பவர்களுக்கு.

முதலில் நோய் எது என்று பாருங்கள். வீடியோவில் துடிப்பு தெரிகிற இடத்தின் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களை டெவலப் பகுதியில் திறந்து, அம்புக்குறி விசையால் மாற்றி மாற்றிப் பாருங்கள். கட்டட விளிம்பு நகர்ந்தால் கோளாறு லென்ஸ் திருத்தத்தில். விளிம்பு அசையாமல் படம் மட்டும் மாறினால், சாம்பல் நிறச் சுவர் போன்ற ஓர் இடத்தில் கர்சரை வைத்து, ஹிஸ்டோகிராமுக்குக் கீழே வரும் சிவப்பு, பச்சை, நீல விழுக்காடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ரேமில் 61, 60, 58; அடுத்ததில் 61, 60, 63 என்றால் நீலம் மட்டும் ஏறியிருக்கிறது. அது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை. மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் வெளிச்சத் துடிப்பு. எல்ஆர்டைம்லாப்ஸில் துடிப்பைச் சமன்செய்யும் 'டிஃபிளிக்கர்' இந்த வெளிச்சத் துடிப்பைத்தான் சரிசெய்யும். நிறத் துடிப்புக்கு அதை ஓட்டிவிட்டு ஏன் சரியாகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை.

லென்ஸ் பக்கத்தில் அடிக்கடி நடப்பது, முதல் படத்தில் ப்ரொஃபைல் (அந்த லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் நீக்கும் தயார் அளவுகள்) டிக் செய்துவிட்டு, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் சிங்க் செய்யும்போது 'லென்ஸ் ப்ரொஃபைல் கரெக்ஷன்ஸ்' பெட்டியை விட்டுவிடுவது. கீஃப்ரேம்கள், அதாவது நீங்கள் கையால் திருத்தும் சில குறிப்புப் படங்கள், மட்டும் திருத்தப்பட்டு, நடுவில் உள்ளவை அப்படியே கிடக்கும். ஒவ்வொரு கீஃப்ரேமிலும் ஓரம் ஒரு குதி குதிக்கும். எல்லாப் படங்களையும் தேர்ந்து, அந்தப் பெட்டியோடு மறுபடி சிங்க் செய்தால் போதும்.

கடற்கரைக் காட்சியில் அடிவானம் வளைந்து நின்றால், எந்தப் பக்கம் வளைகிறது என்று கவனியுங்கள். சட்டத்தின் மேல்பாதியில் உள்ள அடிவானம் நடுவில் மேலே புடைத்தால் திருத்தம் இன்னும் விழவில்லை. நடுவில் தொய்ந்தால் இரண்டு முறை விழுந்திருக்கிறது: கேமராவே ஜேபெக்கில் வளைவை நீக்கியிருக்கும், அதன்மேல் நீங்களும் ப்ரொஃபைல் போட்டிருப்பீர்கள். அடிவானம் சரியாக நடுக்கோட்டில் இருந்தால் இரண்டுமே தெரியாது. அப்போது ஓரத்துக் கட்டடங்களைப் பாருங்கள். பல மிரர்லெஸ் கேமராக்கள் ராவுக்குள்ளேயே திருத்தத் தகவலை வைத்து அனுப்புகின்றன. அங்கே 'பில்ட்-இன் ப்ரொஃபைல்' போடப்பட்டது என்று லைட்ரூமே சொல்லும். அதன்மேல் இன்னொன்று வேண்டாம்.

ப்ரொஃபைல் கிடைக்கவே இல்லையா? ஒன்று, ராவை ஏற்கெனவே ஜேபெக்கோ டிஃபோ ஆக்கியிருப்பீர்கள். அவற்றுக்கான ப்ரொஃபைல் பட்டியல் மிகச் சிறியது. இல்லையென்றால் எக்ஸிஃபில் (படத்தோடு கேமரா பதியும் விவரக் குறிப்பில்) லென்ஸ் பெயரே இருக்காது. கைமுறை லென்ஸ்களில் இது சகஜம். டிஎஸ்எல்ஆரில் அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) ஒவ்வொரு முறையும் சற்று வேறு அளவில் மூடுவதால் வரும் துடிப்பைத் தவிர்க்க, டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்தியபடி லென்ஸைக் கொஞ்சம் திருகி, மின்தொடர்பைத் துண்டிப்பவர்களுக்கும் இதே கதி. கேமரா திரையில் 00 என்று காட்டும். துடிப்பு போய்விடும், கூடவே லென்ஸ் விவரமும் போய்விடும். அப்போது செட்டப்பை 'கஸ்டம்' ஆக்கி, தயாரிப்பாளர், மாடல் இரண்டையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். அபர்ச்சர் எண் தெரியாததால் ஓர இருட்டை எவ்வளவு நீக்குவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. வளைவை நீக்கும் டிஸ்டார்ஷன் 100இல் இருக்கட்டும். ஓர இருட்டை நீக்கும் விக்னெட்டிங் ஸ்லைடரை மட்டும் கண் பார்த்து வையுங்கள். இரவு வானத்தில் அதை முழுசாக ஏற்றினால் மூலைகளில் நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான இரைச்சலும்) ஊதாச் சாயமும் பொங்கும். கொஞ்சம் இருட்டு மிஞ்சினால் குற்றமில்லை.

இன்னொரு பொறி 'அப்ரைட்'. கேமராவை அண்ணாந்து வைத்துக் கோபுரம் எடுத்தால் பக்கங்கள் உள்நோக்கிச் சாயும். அதை நிமிர்த்த ஆட்டோ அல்லது வெர்ட்டிகல் அழுத்துவோம். சிங்க் பட்டியலில் 'அப்ரைட் மோட்', 'அப்ரைட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' என்று இரண்டு இருக்கின்றன. மோட் மட்டும் டிக் ஆகியிருந்தால் ஒவ்வொரு படத்தையும் புதிதாக அளந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் வேறு கோணத்தில் நிமிர்த்தும். மேகம் நகர்ந்து, விளக்கு எரியத் தொடங்க, கோபுரம் ஆடிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்ம்ஸ் தேர்ந்தால் முதல் படத்தின் கணக்கே எல்லாவற்றுக்கும் போகும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் அப்ரைட்டை அணைத்துவிட்டு வெர்ட்டிகல் ஸ்லைடரில் எண் போடுங்கள். எங்கள் பரிந்துரை அதுதான்.

ஆட்டோஃபோகஸ் போட்டு எடுத்த தொடரில் ஃபோகஸ் நகரும்போது காட்சியே லேசாகப் பெரிதாகிச் சுருங்கும். அதை ப்ரொஃபைல் சரிசெய்யாது. வீடியோ மென்பொருளில் ஸ்டெபிலைஸ் செய்து பார்க்கலாம்.

இனி நிறம். கேமராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வைத்து எடுத்திருந்தால் ஒவ்வொரு ராவிலும் ஒரு தனி எண் இருக்கும். லைட்ரூமில் 'ஆஸ் ஷாட்' என்று விட்டு சிங்க் செய்தால் அந்தத் தனித்தனி எண்களே நீடிக்கும். டேலைட் தேர்ந்தால் 5500 கெல்வின் (நிற வெப்பநிலை), டின்ட் (பச்சை-ஊதாச் சாயல்) +10 என்று வரும்; அதை எல்லாவற்றுக்கும் சிங்க் செய்யுங்கள். மாலை முதல் இரவு வரை ஓடும் தொடரில் ஒரே எண் போதாது: தொடக்கத்தில் 5500, முழு இருட்டில் 4000 வாக்கில் என்று கீஃப்ரேம் வைத்து, எல்ஆர்டைம்லாப்ஸை நடுவில் படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். ஜேபெக்கில் எடுத்தவர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே நிறம் ஏற்கெனவே வெந்துவிட்டது. ஸ்லைடரும் கெல்வின் காட்டாமல் –100 முதல் +100 வரைதான் காட்டும்.

ஹைலைட்ஸ், ஷேடோஸ், கிளாரிட்டி, டீஹேஸ் ஆகியவையும் படத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து வேலை செய்பவை. ஒரு வெள்ளைப் பேருந்து குறுக்கே போனால் அந்த ஒரு ஃப்ரேமில் வானத்தின் சாயலே மாறலாம். ஹைலைட்ஸை –100க்குத் தள்ளாமல் –40க்குள் நிறுத்தி, மிச்சத்தை எக்ஸ்போஷரிலும் டோன் கர்வ்விலும் வாங்குங்கள். வேலை வரிசையும் முக்கியம்: லென்ஸ் திருத்தம், பிறகு நிறம், கடைசியில்தான் டிஃபிளிக்கர். விக்னெட் திருத்தம் ஓர வெளிச்சத்தை மாற்றுவதால், வரிசை மாறினால் டிஃபிளிக்கரின் அளவும் தப்பாகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால், திருத்த விவரங்களைத் தாங்கும் எக்ஸ்எம்பி கோப்பைச் சந்தேகியுங்கள். லைட்ரூமும் எல்ஆர்டைம்லாப்ஸும் பேசிக்கொள்வது அந்தச் சின்னக் கோப்பு வழியாகத்தான். கீஃப்ரேம் திருத்தியதும் கிரிட் பார்வையில் எல்லாம் தேர்ந்து 'சேவ் மெட்டாடேட்டா'; எல்ஆர்டைம்லாப்ஸிலிருந்து திரும்பியதும் 'ரீட் மெட்டாடேட்டா'. இரண்டையும் இடம் மாற்றி அழுத்தினால் செய்த வேலை மேலெழுதப்பட்டுப் போய்விடும்.

ஏற்றுமதியில் மூன்று விஷயம். வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தால் 8 பிட் ஜேபெக்குக்குப் பதில் 16 பிட் டிஃப் எடுத்து, 10 பிட் வீடியோவாக்குங்கள். நிறம் மொத்தமாக மங்கிவிட்டால் அடோபி ஆர்ஜிபி, ப்ரோஃபோட்டோ போன்ற அகன்ற நிறவெளியில் ஏற்றுமதி செய்திருப்பீர்கள், வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். சிவப்பும் பச்சையும் மட்டும் லேசாகத் திரிந்திருந்தால், படங்களை எஃப்எஃப்எம்பெக்கில் (கட்டளை வழி வீடியோவாக்கும் மென்பொருளில்) கோத்தபோது நிறங்கள் ரெக் 601 என்ற பழைய வீடியோ தரத்தின் கணக்கில் மாற்றப்பட்டு, பிளேயர் அதை ரெக் 709 என்ற எச்டி தரம் என்று நினைத்துக் காட்டுகிறது. மாற்றும் கட்டளையில் 709 என்று குறிப்பிடுங்கள், வெளிவரும் கோப்பிலும் அதே முத்திரை இருக்கட்டும். முத்திரையை மட்டும் ஒட்டி, மாற்றத்தை 601இலேயே விட்டால் அதே திரிந்த நிறம்தான் திரும்ப வரும்.