ராத்திரி ஜாப் யார் பெயரில் ஓடுகிறது?

மாட்டுத்தாவணிப் பூ மண்டியின் பில் கம்ப்யூட்டரில் இருக்கும் சி.எஸ்.வி. ஃபைலை, கே.கே.நகர் ஆபீஸின் எஸ்.க்யூ.எல். சர்வர் ராத்திரி 2 மணிக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான எஸ்.எஸ்.ஐ.எஸ். பேக்கேஜை (தரவை எடுத்து ஏற்ற எஸ்.க்யூ.எல். சர்வரோடு வரும் கருவியில் செய்த தொகுப்பு) கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஜாபாக (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) போட்டால் விழுகிறது. பேக்கேஜைப் பிரித்து மேயாதீர்கள். கையால் ஓட்டியபோது அது உங்கள் விண்டோஸ் லாகினில் ஓடியது. ஜாபில் ஓடுவது, ஜாப்களை ஓட்டும் எஸ்.க்யூ.எல். சர்வர் ஏஜென்ட் சர்வீஸின் கணக்கில். மண்டி ஃபோல்டரைத் திறக்க அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை.

முதலில் ஜாப் ஹிஸ்டரியில் விழுந்த ஸ்டெப்பைத் திறங்கள். 'எக்ஸிக்யூட்டட் ஆஸ் யூசர்' என்ற இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அனுமதி வேண்டியது அதற்குத்தான்.

சர்வீஸ் கணக்கையே டொமைன் அட்மின் (ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் ஆளும் கணக்கு) ஆக்கிவிடுவது பலர் பிடிக்கும் குறுக்குவழி. தயவுசெய்து வேண்டாம், ஒரு ஃபைலைப் படிக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது அது. இந்த வேலைக்கென்று ஒரு டொமைன் கணக்கு திறங்கள். மண்டி ஃபோல்டரில் படிக்கும் உரிமை (நெட்வொர்க் வழி அனுமதியான ஷேர், டிஸ்க்கில் உள்ள ஃபைல் அனுமதியான என்.டி.எஃப்.எஸ். இரண்டிலும்), டேட்டாபேஸில் அந்த டேபிளுக்கு மட்டும் எழுதும் உரிமை, சர்வரில் 'லாக் ஆன் ஆஸ் எ பேட்ச் ஜாப்' உரிமை. பேக்கேஜ் எஸ்.எஸ்.ஐ.எஸ். கேட்டலாகில் (சர்வரில் பேக்கேஜ்களை வைக்கும் இடம்) இருந்தால், அதன் ஃபோல்டரில் ரீட், ப்ராஜெக்டில் ரீட், எக்ஸிக்யூட்.

அடுத்து, சர்வரின் செக்யூரிட்டியில் அந்தக் கணக்கின் பெயர், பாஸ்வேர்டோடு ஒரு கிரெடென்ஷியல் (லாகின் விவரத்தைச் சேமித்து வைக்கும் பதிவு) உருவாக்குங்கள். ஏஜென்டின் ப்ராக்ஸீஸில் அதை வைத்து ஒரு ப்ராக்ஸி (ஸ்டெப்பை அந்தக் கணக்கின் பெயரில் ஓட்டும் அமைப்பு) உருவாக்கி, எஸ்.எஸ்.ஐ.எஸ். சப்சிஸ்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். ஜாப் ஸ்டெப்பின் 'ரன் ஆஸ்' கட்டத்தில் ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுங்கள். ஜாபின் ஓனர் சிஸ்அட்மின் (சர்வரில் முழு உரிமை உள்ளவர்) இல்லையென்றால், ப்ராக்ஸியின் ப்ரின்சிபல்ஸ் பக்கத்தில் அவர் லாகினையும் சேர்க்க வேண்டும். டி-எஸ்.க்யூ.எல். ஸ்டெப்புக்கு (எஸ்.க்யூ.எல். கட்டளையை நேரடியாக ஓட்டும் ஸ்டெப்) ப்ராக்ஸி கிடையாது.

இதற்கு மேலும் விழுந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம். பாதையில் 'இசட்:' என்று இருக்கும். அந்த டிரைவ் உங்கள் லாகினில் மட்டும் மேப் ஆனது. இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். இல்லையேல் பேக்கேஜின் ப்ரொடெக்‌ஷன் லெவல் 'என்கிரிப்ட் சென்சிடிவ் வித் யூசர் கீ' என்றே விடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பாஸ்வேர்டை, பேக்கேஜை எழுதியவரின் கணக்கைத் தவிர வேறு கணக்கால் திறக்க முடியாது. 'டோன்ட் சேவ் சென்சிடிவ்' என்று மாற்றி, பாஸ்வேர்டைக் கேட்டலாக் என்விரான்மென்டில் (பேக்கேஜுக்கு வேண்டிய மதிப்புகளைத் தனியே வைக்கும் இடம்) சென்சிடிவ் என்று குறித்து வையுங்கள்.

டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் அன்றே கிரெடென்ஷியலிலும் மாற்றுங்கள். அது தானாக மாறாது.