பழைய டெல்லியை உணவின் வழியே காண ஒரு குறிப்பு

பழைய டெல்லியின் சாந்தினி சவுக் கடைத்தெருவை முதன்முறை காணச் செல்வோர் பெரும்பாலும் செங்கோட்டையிலிருந்தே நடையைத் தொடங்குகிறார்கள். ஆனால் மறுமுனையிலுள்ள ஃபதேபுரி மசூதியில் காலையிலேயே தொடங்குவது நல்லது. மசூதியை ஒட்டியுள்ள காரி பாவ்லி மசாலாச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும் மிளகாயின் நெடி தொண்டையைக் கமறச் செய்யும் என்பதால், கைக்குட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால், நெய்யில் பொரித்த பராத்தாக்களுக்குப் பெயர்பெற்ற சந்து வரும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டால்தான் தரீபா தெரு முனையின் சூடான ஜிலேபிக்கு வயிற்றில் இடமிருக்கும். குளிர்காலத்தில் சென்றால், பாலை நுரையாகக் கடைந்து செய்யும் ‘தௌலத் கி சாட்’ என்னும் இனிப்பைத் தவறவிடாதீர்கள். வெயில் ஏறினால் அமுங்கிவிடும் அந்த நுரை கோடையில் கிடைக்காது.

வழியிலுள்ள சீக்கியர் வழிபாட்டுத் தலமான சீஸ் கஞ்ச் குருத்வாரா, 1675இல் ஔரங்கசீப்பின் ஆட்சியில் சீக்கியர்களின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்ட இடத்தில் எழுந்தது. தலையை மூடிக்கொண்டு உள்ளே சென்று, எவருக்கும் இலவசமாகப் பரிமாறப்படும் லங்கர் உணவைத் தரையில் அமர்ந்து உண்பதே, என் பார்வையில், இந்த நடையின் மிகச் சிறந்த பகுதி.

ஷாஜகான் கட்டிய ஜாமா மசூதியை ஒட்டிய தெருக்களில் இரவெல்லாம் வெந்த நிஹாரி என்னும் இறைச்சிக் குழம்பு கிடைக்கும். அதற்கு மட்டும் தனியொரு காலையை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.