அணை நீர்மட்டச் செய்தியை வைத்து ஆங்கிலம் வாசிக்கப் பழகுவது எப்படி?

ஆங்கிலம் பழக வேண்டும் என்றால் உடனே கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் கட்சி வேறு. விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் மொழியைக் கவனிக்க மனசில் இடம் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்பது. அதிலேயே தொடங்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், 'இஸ்', 'வாஸ்' வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வேண்டியவை: ஒரே தேதியிட்ட தமிழ்ப் பேப்பர் ஒன்று, ஆங்கிலப் பேப்பர் ஒன்று, பென்சில், ஒரு நோட்டு. இரண்டு பேப்பர் வாங்கக் கட்டாது என்றால் நூலகத்துக்குப் போய்ச் செய்தியை நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபோனில் வாசிப்பது இந்த முறைக்கு ஒத்துவராது. வரிக்கு நடுவே கோடு போட வழியில்லை. ஜூனிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அணைச் செய்திக்குப் பஞ்சம் இருக்காது.

படி 1. தமிழ்ச் செய்தியை முதலில் வாசியுங்கள். எண்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

படி 2. ஆங்கிலத்தில் அதே செய்தியில் எட்டுப் பத்து வரி போதும். தலைப்பைத் தொடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. அதே எண்களைத் தேடி வட்டமிடுங்கள். வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருக்கும் (இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நோட்டில் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்):

'த வாட்டர் லெவல் இன் பாபநாசம் டேம் ஸ்டுட் அட் 98 ஃபீட் அகேன்ஸ்ட் இட்ஸ் ஃபுல் லெவல் ஆஃப் 143 ஃபீட்.'

143 அடி பாபநாசத்தின் முழு நீர்மட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 98 இன்றைய மட்டம். 'ஸ்டுட் அட்', 'அகேன்ஸ்ட்' இரண்டுக்கும் அகராதி பார்க்காமலே பொருள் பிடிபட்டுவிடும். அடுத்த வரியில் மணிமுத்தாறு அணை வரும், அதன் முழு மட்டம் 118 அடி. வாக்கிய அமைப்பு அதேதான். தமிழ்ப் பேப்பர் 'வினாடிக்கு 500 கன அடி' என்று எழுதுவதை ஆங்கிலப் பேப்பர் '500 கியூசெக்ஸ்' என்று முடித்துவிடும். ஒரு கியூசெக் என்றால் வினாடிக்குச் சுமார் 28.3 லிட்டர். நம் நெல் சாகுபடிப் பருவங்களான காரும் பிசானமும் ஆங்கிலத்திலும் காராகவும் பிசானமாகவுமே வரும். அந்த இடத்தில் லண்டன்காரர்தான் அகராதியைப் புரட்ட வேண்டும்.

படி 3. பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இதுதான். நிதானமாகப் போவோம்.

'த வாட்டர் ரிலீஸ்டு ஃப்ரம் பாபநாசம் டேம் ஃபார் கார் கல்டிவேஷன் ரீச்ட் த கன்னடியன் சேனல் ஆன் ஃப்ரைடே.'

'ரிலீஸ்டு' என்றதும் வினை வந்துவிட்டது, வாக்கியம் முடிந்தது என்று நினைப்போம். பின்னாலேயே 'ரீச்ட்' வந்து நிற்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினையா என்று திரும்ப முதலிலிருந்து வாசிப்போம், மறுபடியும் அதே இடத்தில் முட்டுவோம். காரணம் நம் மொழிப் பழக்கம். 'பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் திறந்துவிடப்பட்ட தண்ணீர்' என்று, விவரத்தை எல்லாம் முன்னால் அடுக்கி, பெயரைக் கடைசியில் வைப்பது தமிழ். ஆங்கிலம் 'தண்ணீர்' என்று முதலில் சொல்லிவிட்டு, எந்தத் தண்ணீர் என்ற விவரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும்.

பென்சிலை எடுத்து இப்படி வெட்டுங்கள்:

த வாட்டர் / ரிலீஸ்டு ஃப்ரம் பாபநாசம் டேம் / ஃபார் கார் கல்டிவேஷன் / ரீச்ட் த கன்னடியன் சேனல் / ஆன் ஃப்ரைடே.

'ஃப்ரம்', 'ஃபார்', 'ஆன்', 'இன்', 'ஹூ', 'விச்' போன்ற சொற்களுக்கு முன்னால் கோடு போடலாம். பெயரை ஒட்டியே வினை போல ஒன்று வந்தால், அதற்கு முன்னாலும் ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு துண்டிடமும் கேளுங்கள்: இது 'எந்த?' என்ற கேள்விக்குப் பதிலா, 'என்ன நடந்தது?' என்பதற்குப் பதிலா? இரண்டாவதற்குப் பதில் சொல்லும் துண்டில்தான் உண்மையான வினை இருக்கிறது. இரண்டு வினைக்கும் நடுவே 'அண்ட்' இல்லாமல் இப்படி வந்தால், பெரும்பாலும் முதலாவது விவரம், இரண்டாவதுதான் செய்தி. தினம் நாலு வாக்கியம் வெட்டினால் போதும். கை பழகிய பிறகு கோடு தேவைப்படாது.

படி 4. ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் அகராதி பார்க்காதீர்கள். இரண்டு முறை வந்தும் பிடிபடாத சொல் மட்டுமே தகுதியானது. ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். கேமராவைக் காட்டினால் முழுப் பக்கத்தையும் தமிழாக்கும் ஆப்பை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது விடையைக் கொடுத்துவிடும், வாசிப்பைக் கொடுக்காது.

படி 5. கோட்டுக்குக் கோடு நிறுத்தி, வாய்விட்டு இரண்டு தடவை வாசிக்கவும்.

தலைப்பு ஏன் கடைசியில்? தலைப்புக்குத் தனி இலக்கணம். முடிந்துபோனதை நிகழ்காலத்தில் போடுவார்கள்: 'ரெயின் லாஷஸ் தென்காசி' என்றால் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. 'கலெக்டர் டு இன்ஸ்பெக்ட் டேம்' என்றால் இனிமேல்தான் போகிறார். 'த்ரீ ஹெல்ட்' என்றால் மூன்று பேர் கைது. 'வேர்' என்ற சொல்லை இடம் போதாமல் விட்டிருக்கிறார்கள். தலைப்பிலிருந்து இலக்கணம் கற்றால் பேச்சு கோணலாகிவிடும்.

வெளியூர் எழுத்துக்குப் போகும்போது சொற்களைவிட வழக்கங்கள்தான் அதிகம் தடுக்கும். அமெரிக்கர் 4/7 என்று எழுதினால் ஏப்ரல் 7. நமக்கும் பிரிட்டனுக்கும் ஜூலை 4. அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' பெரும்பாலும் நம் தரைத்தளம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்பது பெரும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. வட இங்கிலாந்தில் 'டீ' சாப்பிடக் கூப்பிட்டால் அது மாலைச் சாப்பாடாகவே இருக்கும், டம்ளரை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். உடல் எடையை 'ஸ்டோன்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, சுமார் 6.35 கிலோ.

நம் ஊர் வரலாற்றையே ஆங்கிலத்தில் வாசிக்க ஆசைப்படுபவர்கள் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றுக்குத்தான் போவார்கள். தொடக்கத்தில் வேண்டாம், வாக்கியங்கள் நீளம். அந்தக் காலத்து நூல்களைத் தேடும்போது 'டின்னவெல்லி' (திருநெல்வேலி), 'பாலம்கோட்டா' (பாளையங்கோட்டை) என்ற பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டால்தான் அகப்படும்.

பின்சேர்க்கை: பேப்பரில் வரும் ஆங்கிலத்தை அப்படியே இன்டர்வியூவில் பேசலாமா என்று கேட்கிறார்கள். உள்ளூர் கம்பெனி என்றால் பாதகமில்லை. வெளிநாட்டுக்காரர் எதிரே இருந்தால் 'லேக்', 'குரோர்' வேண்டாம். 10 லட்சத்தை 'ஒன் மில்லியன்' என்று சொல்லுங்கள். கல்லூரியில் 'பாஸ்டு அவுட்' என்றும் சொல்லாதீர்கள், மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' போதும்.