மேடையே தொழிலானவர் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போவதற்கு முன்: ஒரு வழிகாட்டி

மெல்லிசைக் குழுவிலோ நாட்டுப்புறக் கலைக்குழுவிலோ பல ஆண்டுகளாகப் பாடிச் சம்பாதித்து வரும் ஒருவர், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் ஆடிஷன் அறிவிப்பைப் பார்த்ததும் இரண்டு விஷயங்களில் தயங்குகிறார். புதிதாக வருபவர்களின் இடத்தை நாம் பிடித்துக்கொள்கிறோமோ என்பது ஒன்று. இத்தனை நாள் சேர்த்த பெயர் ஒரே ஒரு எலிமினேஷனில் போய்விடுமோ என்பது இன்னொன்று. ஒரு மெல்லிசைக் குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் கீபோர்டு வாசித்து, எங்கள் மேடையிலிருந்து போட்டிகளுக்குப் போனவர்களை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொழில்முறைக் கலைஞர் தாராளமாகப் போட்டிக்குப் போகலாம். ஆனால் தன் தொழிலை மறைத்துக்கொண்டு போகக் கூடாது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இதற்கு நம் கண்முன்னே நடந்த இரண்டு நிகழ்வுகள் போதும். விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஐந்தாம் பருவத்தில், 2016-இல், ஆனந்த் அரவிந்தாக்ஷன் வென்றபோது, அவர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவர் என்ற செய்தி பரவி, பின்னணிப் பாடகருக்குப் புதுக்குரல் தேடும் மேடையில் என்ன வேலை என்று பார்வையாளர்கள் கொதித்தார்கள். அவருடைய பாட்டில் யாரும் குறை காணவில்லை. தங்களுக்கு முன்கூட்டியே தெரியவில்லையே என்பதுதான் கோபம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஆறாம் பருவத்தில் செந்தில் கணேஷ் வென்றார். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்கள் பாடிவந்த முழுநேரக் கலைஞர்கள். அது நிகழ்ச்சியிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேட்டியும் துண்டுமாக வந்து மண்ணின் பாடல்களைப் பாடியவரை, தொழில்முறைக் கலைஞர் என்று தெரிந்தே மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். மேடை அனுபவம் இருவருக்கும்தான் இருந்தது. முன்கூட்டியே தெரிந்ததும் தெரியாததும்தான் வேறுபாடு.

ஆகவே முதலில் அந்தப் பருவத்துக்கான தகுதி விதிகளை வரிக்கு வரி படியுங்கள். விதிகள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். அமெரிக்கன் ஐடல், இசை நிறுவனத்துடன் நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைச் சேர்ப்பதில்லை. ஆனால் முன்பு ஒப்பந்தம் இருந்து முடிந்துபோனவருக்கு அங்கே தடையில்லை. பலவகைத் திறமைகளுக்கான அமெரிக்காஸ் காட் டேலன்ட் நிகழ்ச்சியில் 2007-இல் வென்ற டெரி ஃபேட்டர், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பொம்மையைப் பேசவைக்கும் கலையால் பிழைத்துவந்தவர். தி வாய்ஸ் நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில் 2011-இல் முதல் வெற்றியாளரான ஹாவியர் கோலோன், ஏற்கெனவே கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் மூலம் ஆல்பம் வெளியிட்டவர். இப்படிப்பட்ட மேடைகளுக்குத் தயக்கமின்றிப் போகலாம். ‘இதுவரை மேடை ஏறாதவர்களுக்கு மட்டும்’ என்று அறிவித்து நடத்தப்படும் போட்டியானால், விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுங்கள்; விதியில் ஓட்டை இருந்தாலும் அந்த இடம் உங்களுடையது அன்று.

விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற கட்டம் இருந்தால், பொத்தாம்பொதுவாக ‘பாடியுள்ளேன்’ என்று எழுதக் கூடாது. எந்தப் படம், எந்த ஆண்டு, தனிக்குரலா, கோரஸா, இசையமைப்பாளருக்காக டிராக் (வேறொருவர் பாடுவதற்கு முன் மாதிரிக்காகப் பதிவு செய்யும் குரல்) மட்டும் பாடியதா என்று பிரித்து எழுதுங்கள். டிராக் பாடியவருடைய குரல் பெரும்பாலும் வெளிவருவதில்லை, ஆகவே அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பின்னாளில் யாராவது அந்தப் பதிவை இணையத்தில் போட்டால், விளக்கம் சொல்லி முடிவதற்குள் பெயர் கெட்டுவிடும். அப்படி ஒரு கட்டமே இல்லையென்றால், தனித்தாளில் எழுதி இணைத்து, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது வருமானக் கணக்கு. கடந்த ஆண்டின் நிகழ்ச்சி நோட்டை எடுத்து மாதவாரியாகப் பாருங்கள். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தங்கள், ஆடி மாத அம்மன் கோயில் விழாக்கள் என்று நம் வருமானம் சில மாதங்களில் குவிந்து கிடக்கிறது. தொலைக்காட்சிப் படப்பிடிப்பு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து படமெடுத்துவிட்டு, அடுத்த தேதியைக் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். எங்கள் குழுப் பாடகி ஒருவர் போட்டிக்குப் போன ஆண்டில், அவருடைய நோட்டின் ஆடி மாதப் பக்கத்தைப் பார்த்தேன். பதினோரு தேதிகள் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. ஐந்தின் மேல் குறுக்கே கோடு, பக்கத்தில் ‘அட்வான்ஸ் திருப்பியாச்சு’ என்று சிறிய எழுத்து. அதில் ஒன்று, ஒன்பது ஆண்டுகளாக அவரையே அழைத்துவந்த ஒரு மாரியம்மன் கோயில். அந்த விழாக் குழுவினர் மறு ஆண்டு வேறு குழுவைப் பேசிவிட்டார்கள். போட்டியில் அவர் ஆறாவது சுற்றோடு வெளியே வந்தார். நன்றாகப் பாடித்தான் வெளியே வந்தார். அந்தக் கோயில் வாய்ப்பு இன்றுவரை அவருக்குத் திரும்பவில்லை. ஆறு மாத வருமானம் பாதியாகக் குறைந்தாலும் குடும்பம் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, உங்கள் குழுத் தலைவரிடமும் நேரில் சொல்லிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள். அவர் புரோமோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரவே கூடாது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். பெரும்பாலும் தேர்வான மகிழ்ச்சியில், படப்பிடிப்புத் தளத்திலேயே, இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது அதை நீட்டுவார்கள். நான் குறிப்பிட்ட அதே பாடகி அதன் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணே, இதுல கையெழுத்துப் போடலாமா? அரை மணி நேரத்துல கேக்குறாங்க” என்று கேட்டார். ஒரு நாள் அவகாசம் கேட்கச் சொன்னேன், கேட்டார், கிடைத்தது. புதியவருக்கு இழக்க ஒன்றும் இல்லாததால் எந்த விதியும் பெரிதாகத் தோன்றாது. உங்களுக்கோ ஓடிக்கொண்டிருக்கும் தொழில் இருக்கிறது, ஆகவே மூன்று இடங்களில் நின்று படிக்க வேண்டும். போட்டி நடக்கும்போதும் முடிந்த பின்னரும் எத்தனை மாதங்களுக்கு மற்ற மேடைகளிலோ சேனல்களிலோ பாடத் தடை என்பது முதலாவது. ஏற்கெனவே முன்பணம் வாங்கிய நிகழ்ச்சிகளுக்கு எழுத்தில் விலக்கு கேளுங்கள். பின்னாளில் வரும் கச்சேரிகளைச் சேனலோ அதன் நிறுவனமோ வழியாகத்தான் ஒப்புக்கொள்ள வேண்டுமா, அதில் அவர்களுக்கு எத்தனை விழுக்காடு, அது உங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கும் பொருந்துமா என்பது இரண்டாவது. மூன்றாவது, பதிவான பாட்டின் மீதான உரிமை.

இந்த மூன்றாவதில் பலருக்குத் தெளிவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாடியவருக்கு அந்த நிகழ்த்துதலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு; 2012-இல் செய்த திருத்தத்தின்படி, அது வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி பெறும் தகுதியும் உண்டு. பாடகர்களுக்கான அமைப்பாக இந்தியப் பாடகர்கள் உரிமைச் சங்கம் 2013-இல் தொடங்கியது; இப்போது அது இசைக்கலைஞர்களையும் சேர்த்துக்கொண்ட பெயரில் இயங்குகிறது. உங்கள் பாட்டைச் சிதைத்துப் பெயருக்குக் களங்கம் உண்டாக்கினால் எதிர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நேரத்துக்குள் அடக்குவதற்காக வெட்டுவதும் படத்தொகுப்புக்காக நீக்குவதும் சிதைப்பாகக் கருதப்படா என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது, நீங்கள் உயிரைக் கொடுத்துப் பாடிய இரண்டாவது சரணம் ஒளிபரப்பில் வராமல் போனால் கேள்வி கேட்க முடியாது. இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் மனம் உடையாது. ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் கட்டணம், ஒரு கச்சேரிச் சம்பளத்தைவிடக் குறைவுதான்.

பரிசு விவகாரத்தில் வரியை மறக்க வேண்டாம். பரிசுக்காகப் பலர் போட்டியிடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெல்வதற்கு வருமான வரி 30 விழுக்காடு. அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. செலவுக் கழிவோ அடிப்படை விலக்கு வரம்போ கிடையாது. பரிசு வீடாகவோ காராகவோ இருந்தால், வரி கட்டப்பட்ட பிறகே அதைக் கையில் கொடுக்க வேண்டும். 40 லட்ச ரூபாய் வீட்டுக்குச் செஸ்ஸையும் சேர்த்து 12 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காஸ் காட் டேலன்டின் பத்து லட்சம் டாலர்கூட 40 ஆண்டுகளில் தவணையாகத்தான் வருகிறது. மொத்தமாக வேண்டுமென்றால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துத்தான் தருவார்கள்.

இனிப் பாட்டுக்கு வருவோம். மேடைப் பாடகருக்குப் போட்டியில் மிகப் பெரிய இடைஞ்சல் அவருடைய தொழில்திறமையேதான். நம் மேடைகளில் ரசிகர் காசு கொடுத்துக் கேட்பது அச்சு அசலான பாட்டை. எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் சிரிப்பும், எஸ். ஜானகி மூச்சு விட்ட இடத்தில் மூச்சும் வந்தால்தான் முன்வரிசையில் விசில் பறக்கும். இருபது ஆண்டு அப்படிப் பாடிப் பழகிய தொண்டை, நடுவர் முன்னால் நிற்கும்போதும் அதைத்தான் செய்யும். அவரோ ‘உங்கள் குரல் எங்கே’ என்று கேட்பார். இது அவமானம் அன்று. இரண்டு மேடைகள் கேட்பது வேறு வேறு, அவ்வளவுதான். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, ஆடிஷனுக்கு மூன்று மாதம் முன்பே பத்துப் பாடல்களை எடுத்துக்கொண்டு, மூலப் பதிவைக் கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டு, தம்பூரா ஸ்ருதியை மட்டும் வைத்து, உங்கள் குரலுக்கு வசதியான கட்டையில் (சுருதி அளவில்) முதலில் வரிகளைப் பேசிப் பார்த்து, பிறகு மெதுவாகப் பாடி, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் பதிவு செய்வது. மூன்றாவது வாரத்தில், பழைய பாடகரின் சாயல் எந்தெந்தச் சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று உங்கள் காதே காட்டிக்கொடுக்கும்.

திறந்தவெளியில் பாடும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். கோயில் திடலில் ஸ்பீக்கர் இரைச்சலுக்கு மேல் குரலைத் தள்ளிப் பாடுகிறோம். ஸ்டூடியோ மைக் மூச்சைக்கூட எடுத்துவிடும், ஆகவே அதே அழுத்தம் அங்கே கத்தலாக ஒலிக்கும். மேடையில் ஐந்து நிமிடம் நின்று நிதானித்து ஏற்றும் பாடலை இங்கே இரண்டு மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டியிருப்பதால், பல்லவியின் முதல் வரியிலேயே உங்கள் முத்திரை விழ வேண்டும்.

நிகழ்ச்சிக்குள் சென்ற பிறகும் ஓர் இடத்தில் உறுதியாக நில்லுங்கள். உங்களைப் பற்றிய அறிமுகக் காணொளியை எடுக்கும்போது, வறுமையையும் குடும்பத் துயரத்தையும் கேட்பார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று வீட்டாரிடம் பேசி முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ‘முதன்முறையாக ஒரு பெரிய மேடையில்’ என்று சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ‘பன்னிரண்டு ஆண்டுகளாகக் கச்சேரி மேடைகளில் பாடுகிறேன்’ என்று கேமராவைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதை வெட்டிவிடலாம், ஆனாலும் சக போட்டியாளர்களும் நடுவர்களும் கேட்டிருப்பார்கள். அங்கே இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மைக்கை எப்படிப் பிடிப்பது, தொண்டை கட்டினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள். நாம் வந்ததால் அவர்களில் ஒருவருக்கு இடம் போகலாம் என்ற நெருடல் எனக்கு எப்போதும் உண்டு. அதைத் தீர்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்த வாரத்தில் தொலைபேசி நிறைய ஒலிக்கும். பழைய விழாக் குழுவினர் அழைத்தால் பழைய சம்பளத்திலேயே அந்த ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களிடம் உயர்த்திக் கேளுங்கள். ஃபிளெக்ஸ் பேனரில் நிகழ்ச்சியின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘புகழ்’ என்று அச்சிடுவதற்கு முன், ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். தந்தாலும், அந்த வரியின் கீழே உங்கள் குழுவின் பெயரை அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள்.