வெளிவராத க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

இரண்டாயிரம் டாலர் விலையில் ஒரு க்ளோஸ்டு-பேக் (கப்பின் பின்பக்கம் மூடிய) ஹெட்ஃபோன் அடுத்த மாதம் வருகிறது என்று அறிவிப்பு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரு விளம்பரப் பக்கம், ஐந்தாறு எண்கள், கண்காட்சியில் பத்து நிமிடம் கேட்டவர்களின் பரவசம், அவ்வளவுதான். இவற்றை வைத்து "வாங்கலாம்" என்று முடிவெடுக்க முடியாது. ஆனால் "வேண்டாம்" என்று முடிவெடுக்கப் பல நேரம் இவையே போதும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

பின்பக்க ஒலி எங்கே போகிறது?

ஒலியை உண்டாக்கும் டிரைவரின் டயாஃப்ரம் (அதிரும் மெல்லிய சவ்வு) காதை நோக்கி எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ, அதே அளவு பின்பக்கமும் தள்ளும். பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக்கில் அது வெளியே போய்விடுகிறது. க்ளோஸ்டு-பேக்கில் போக இடமில்லை. கப்பின் ஆழம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்சுவருக்கும் டயாஃப்ரத்துக்கும் இடையே ஏறத்தாழ 4,300 ஹெர்ட்ஸில் நிலையலை (சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கும் அலை) உருவாகும். நொடிக்கு 343 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தை போய்வரும் தூரமான 8 செ.மீ.யால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். இதைப் பஞ்சும் ஃபெல்ட்டும் வைத்து ஓரளவு அடக்கிவிடலாம். அதிர்வெண் கீழே போகப் போக அலைநீளம் கப்பைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடுவதால் பஞ்சுக்கு வேலை இல்லை. அங்கே அடைபட்ட காற்று ஸ்பிரிங் ஆகி டயாஃப்ரத்தை எதிர்க்கும். அதைத் தளர்த்த வைக்கும் சிறு துளை, காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேடில் உள்ள கசிவு, கப்பின் கொள்ளளவு மூன்றும் சேர்ந்து 150 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரு பள்ளத்தையோ மேட்டையோ உண்டாக்கும். க்ளோஸ்டு-பேக்கின் வழக்கமான வியாதி இதுதான். ஆண் குரலின் கனம் இருப்பதும் இதே பகுதியில்.

ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, பின்பக்க ஒலியை இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கான பதில். 2018இல் வந்த சென்ஹைசர் எச்டி 820இல் கப்பின் மூடியே உட்குழிவான கொரில்லா கிளாஸ். பின்னால் வரும் ஒலியை அது ஒலியுறிஞ்சிகளின் பக்கம் திருப்பிவிடும். 2021இல் வந்த டான் கிளார்க் ஆடியோ ஸ்டெல்த்தில் டிரைவருக்கும் காதுக்கும் நடுவே மெட்டாமெட்டீரியல் (தன் நுண்ணிய வடிவமைப்பால் ஒலியை அடக்கும் பொருள்) அடுக்கு ஒன்று உட்கார்ந்து நிலையலைகளை விழுங்குகிறது. இரண்டும் சரிபார்க்கக்கூடிய பதில்கள். மரத்தின் ஜாதி, தோலின் மென்மை, கையால் போட்ட பாலிஷ் என்று மூன்று பத்தி ஓட்டிவிட்டுப் பின்பக்க ஒலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத அறிவிப்பைச் சந்தேகத்தோடு பாருங்கள். மரத்துக்குக் காசு கொடுப்பது தப்பே இல்லை. அழகுக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

புத்திசாலித்தனமான பதில் இருந்தாலும் அது வேலை செய்யும் என்று உத்தரவாதம் கிடையாது. எச்டி 820இல் 300 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் இருப்பதைப் பலருடைய தனிப்பட்ட அளவீடுகளும் காட்டின. அதன் ஓப்பன் உடன்பிறப்பான எச்டி 800 எஸ் சுமார் 1,700 டாலருக்கு வந்தது. கண்ணாடி போட்டு மூடியது சுமார் 2,400 டாலர். இதனால்தான் புது மாடலின் வம்சாவளியைப் பார்ப்பது அவசியம். அதே கம்பெனி அதே டிரைவர் குடும்பத்தை முன்பு மூடியபோது என்ன இழந்தது, மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், அந்தக் குறை இந்தப் புது மாடலில் குறிப்பாக எப்படிச் சரிசெய்யப்பட்டிருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பழைய குறை இன்னும் இருக்கிறது என்றே கணக்கில் கொள்ளுங்கள்.

ஸ்பெக் தாளில் எதைப் படிப்பது

அதிர்வெண் வரம்பைப் படிக்காமலே தாண்டலாம். சோனி எம்டிஆர்-இசட்1ஆர் மாடலுக்கு 4 முதல் 1,20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறார்கள். நம் காதுக்கு 20 முதல் 20,000 வரைதான், வயதாக ஆக மேல்பக்கம் அதுவும் குறையும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரம்பு எதையும் தெரிவிப்பதில்லை.

உண்மையில் பயன்படுவது சென்சிடிவிட்டியும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) இம்பீடன்ஸும் (ஓமில் அளக்கும் மின்னெதிர்ப்பு). சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை ஒரு மில்லிவாட்டுக்குத் தருகின்றன, சில ஒரு வோல்ட்டுக்கு. ஒப்பிடுவதற்கு முன் ஒரே அளவுக்கு மாற்ற வேண்டும். 1000ஐ ஓம் எண்ணால் வகுத்து, அதன் லாகரிதத்தை (அடிமானம் 10) 10ஆல் பெருக்கி, மில்லிவாட் எண்ணோடு கூட்டினால் வோல்ட் எண் கிடைக்கும். ஃபோக்கல் ஸ்டெலியா 35 ஓம், 106 டெசிபல். மாற்றினால் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 120.6. உச்ச ஒலிக்கு 110 டெசிபல் போதும் என்று கொண்டால் இதற்கு 0.3 வோல்ட் தந்தாலே அந்த அளவு வந்துவிடும். மொபைலில் செருகும் டாங்கிளே போதும். பெரிய ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) பெருக்கத்தைக் கூட்டும் ஹை கெயினில் போட்டால் பாட்டுக்கு நடுவே இரைச்சல்தான் கேட்கும், வால்யூம் குமிழும் ஆரம்பத்திலேயே நின்றுவிடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். எச்டி 820 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல். ஸ்டெல்த் 23 ஓம், ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 86. மாற்றினால் ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 102.5. இரண்டுக்கும் 110 டெசிபலுக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் 2.2 முதல் 2.4க்குள். ஆனால் மின்னோட்டம் எச்டி 820க்கு 7 அல்லது 8 மில்லிஆம்பியர், ஸ்டெல்த்துக்கு 100 மில்லிஆம்பியர். "என் டாக்கில் (டிஜிட்டல் பதிவை ஒலி மின்னலையாக மாற்றும் கருவி) 4 வோல்ட் வருகிறது, எதையும் ஓட்டிவிடும்" என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். புது மாடலின் எண்களைப் போட்டுப் பார்த்து, உங்கள் ஆம்பால் முடியாது என்று தெரிந்தால் ஆம்பின் விலையையும் ஹெட்ஃபோன் விலையோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது: 35 ஓம் என்றால் 4 ஓமுக்குள். வழக்கமான டைனமிக் டிரைவருக்கு இது முக்கியம். தட்டையான சவ்வு முழுதும் அதிரும் பிளேனார்களின் இம்பீடன்ஸ் பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் அங்கே அவ்வளவு கவலை வேண்டாம்.

கிராஃப் ஏமாற்றும் விதங்கள்

கம்பெனியே வெளியிடும் கிராஃப் (எந்த ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் என்று காட்டும் கோடு) என்றால் முதலில் இடது ஓரத்தைப் பாருங்கள். செங்குத்து அளவு 100 டெசிபலுக்கு விரிந்திருந்தால் எந்த ஹெட்ஃபோனும் சமவெளியாகத்தான் தெரியும். 40, 50 டெசிபல் உயரத்துக்குள் வரைந்திருந்தால் பேசலாம். அடுத்து ஸ்மூத்திங், அதாவது கோட்டின் மேடுபள்ளத்தை வழிப்பது: மூன்றில் ஒரு ஆக்டேவ் அளவுக்கு வழித்துவிட்டால் ஒடுக்கமான பள்ளங்கள் மறைந்துவிடும். எந்தக் கருவியில் அளந்தது, எந்த டார்கெட்டோடு (இலக்குக் கோடு) ஒப்பிட்டது என்று சொல்லாமல் விட்டால் அந்தக் கோடு வெறும் அலங்காரம்.

திருத்தம் செய்யாத கிராஃபில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய மேடு தெரிவது குறை இல்லை. மனிதக் காதே அந்த இடத்தைத் தூக்கிக் கொடுப்பதால் பரவலாகப் பயன்படும் ஹார்மன் டார்கெட்டிலும் அந்த மேடு உண்டு. அது இல்லாவிட்டால்தான் குரல் பின்வாங்கி மந்தமாகக் கேட்கும். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தெரியும் கூர்முனைகளை அப்படியே நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். கப்பைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே அவை இடம் மாறும்.

க்ளோஸ்டு-பேக்குக்கு முக்கியமானது, ஒரே ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழற்றி ஐந்தாறு தடவை மாட்டி அளந்த கோடுகள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவை விசிறி போலப் பிரிந்தால், அந்த பேட் கசிவைத் தாங்காது, உங்கள் தலையில் பாஸ் எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழவழப்பான செயற்கைக் காதில் பேட் கச்சிதமாக ஒட்டும். தாடி, கூந்தல், கண்ணாடிக் கம்பி எதுவும் அங்கே இல்லை.

ஈக்யூவில் (ஈக்வலைசர்) சரிசெய்துகொள்ளலாம் என்ற சமாதானம் பாதிதான் உண்மை. பாஸ் மொத்தமாகக் கூடுதல், ட்ரெபிள் மொத்தமாகத் தூக்கல் போன்ற அகலமான சாய்வுகள் ஈக்யூவுக்குக் கட்டுப்படும். இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் வரும் ஒடுக்கமான பள்ளத்தில் எவ்வளவு டெசிபலைக் கொட்டினாலும் நிரம்பாது, டிஸ்டார்ஷன்தான் ஏறும். கசிவால் போன பாஸும் அப்படியே: தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது மாறும்.

கண்காட்சியில் கிடைக்கும் இருபது நிமிடம்

கேன்ஜாம் மாதிரி ஹெட்ஃபோன் கண்காட்சியிலோ கடையின் அறிமுக நாளிலோ முன்மாதிரியைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், உங்கள் பிளேயர், தினமும் போடும் ஹெட்ஃபோன், 4.4 மி.மீ., 6.35 மி.மீ. அடாப்டர்கள் இவற்றோடு போங்கள். அங்கே வைத்திருக்கும் ஆம்ப், ஹெட்ஃபோன் விலைக்கு இரண்டு மடங்காக இருக்கும். அதில் கேட்டு மயங்கி வீட்டுக்கு வந்து பயனில்லை. மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றும் இருக்கட்டும்.

முதல் ஐந்து நிமிடம் பாட்டே போட வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் டோனைச் சன்னமாகப் போட்டு, இரண்டு கப்புகளையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். சத்தம் சட்டென்று கூடினால் பேட் கசிகிறது. 30 ஹெர்ட்ஸில் மறுபடி செய்யுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கழற்றியும் மாட்டியும் பார்க்க வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த மாடல் உங்களுக்கானது இல்லை, மற்றவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. பிறகு 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 500 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் டிரைவரில் தூசியோ தளர்வோ இருக்கிறது. ஓரிடத்தில் சத்தம் பொங்கி அடங்கினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கப்பின் அதிர்வு அங்கேதான். மாட்டும்போதும் கழற்றும்போதும் உள்ளே பாலித்தீன் நசுங்குவது போலச் சத்தம் வந்தால் டயாஃப்ரம் காற்றழுத்தத்தில் வளைகிறது. அதைப் பற்றி விற்பவரிடமே கேளுங்கள்.

அடுத்தது பேச்சு. நேரில் நன்றாகத் தெரிந்த ஓர் ஆணின் குரல் பதிவு, இசையே இல்லாமல். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல இருந்தால் முன்பு சொன்ன 150–400 ஹெர்ட்ஸ் வியாதி இருக்கிறது; மார்பில் கனமே இல்லாமல் தொண்டையிலிருந்து மட்டும் வந்தால் அங்கே பள்ளம். பாட்டில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எந்தப் பாட்டு எப்படி மிக்ஸ் செய்யப்பட்டது என்று நமக்குத் தெரியாது.

இசைக்கு வரும்போது கச்சேரிப் பதிவுகள் அருமையான சோதனைக் கருவி. மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கம்) கும்கி வளையும்போது சுருதி வளைவது தெரிய வேண்டும், வெறும் "தும்" மட்டும் கேட்டால் பாஸ் குழம்பியிருக்கிறது. வலந்தலையின் (வலது பக்கம்) சாப்பு தனியாகத் தெளிவாகக் கேட்க வேண்டும். தம்பூராவில் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு ரீங்கரித்தால் கப் கூடச் சேர்ந்து பாடுகிறது. நாதஸ்வரத்தைப் பத்து நிமிடம் கேட்டுக் காது கூசினால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை எங்கோ தூக்கல்.

உங்கள் ஹெட்ஃபோனோடு மாற்றி மாற்றிக் கேட்கும்போது பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) போட்டு இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே "தெளிவு அதிகம்" என்று தோன்றிவிடும். கடைசியாகப் பாட்டை நிறுத்திவிட்டு அரங்கின் பேச்சொலி எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். விலை உயர்ந்த க்ளோஸ்டு-பேக்குகள் பல, துளை வைத்து டியூன் செய்யப்படுவதால், வெளிச்சத்தத்தைத் தடுப்பதில் சுமார்தான். ஏசியின் உறுமலை எந்த கப்பும் பெரிதாகக் குறைக்காது.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: இது உற்பத்தி வரிசையில் வந்ததா, கையால் சேர்த்த முன்மாதிரியா? டியூனிங் முடிந்துவிட்டதா? பேட் இதேதானா? பேட் மாறினால் மேலே செய்த சோதனை எல்லாம் வீண்.

விலைக் கணக்கு

ஒப்பீட்டுக்கு மூன்று அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். சென்ஹைசர் எச்டி 620எஸ் 2024இல் சுமார் 350 டாலருக்கு வந்தது. ஸ்டெல்த் 2021இல் சுமார் 4,000 டாலருக்கு வந்தது. அதே கம்பெனி அதே மெட்டாமெட்டீரியல் உத்தியோடு 2023இல் கொண்டுவந்த ஈ3 சுமார் 2,000 டாலர். புது மாடல் இவற்றில் எதைவிட, எந்த விஷயத்தில் மேல் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் காத்திருங்கள். காத்திருப்பதில் நஷ்டம் அபூர்வம். 2018இல் 899 டாலருக்கு வந்த ஃபோக்கல் எலீஜியா இரண்டு மூன்று ஆண்டுகளில் சலுகை விற்பனையில் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்தது.

பட்டியல் விலையோடு சுங்க வரி, அதற்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு சேரும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்குள்ள விநியோகஸ்தர் வாரண்டி தருவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேட் ஜோடியின் விலையையும், அது தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். சென்னை மாதிரி வியர்க்கும் ஊரில் செயற்கைத் தோல் பேட் சில வருடங்களில் உரிந்துவிடும், உரிந்த பேடோடு பாஸும் போய்விடும். கேபிள் கப்பில் சேருமிடம் சாதாரண 3.5 மி.மீ. என்றால் நிம்மதி, தனி வடிவம் என்றால் மாற்று கேபிளுக்கு அவர்கள் வைத்ததுதான் விலை.

முன்பணம் கட்டியே தீருவது என்றால், பொருள் அனுப்பும் நாள்வரை முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா, திறந்து பார்த்த பிறகு திருப்ப எத்தனை நாள், கழிவு எவ்வளவு என்ற மூன்றையும் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்த அன்றே 60 ஹெர்ட்ஸ் டோனும் மெதுவான ஏற்றமும் முதல் வேலை.