திருநம்பிகளின் ஆணுறுப்பு அறுவை சிகிச்சை: கத்தி படுமுன்பே நேரும் தவறுகள்

உடலின் வேறிடத்துத் தோலைக் கொண்டு ஆணுறுப்பை உருவாக்கும் ஃபேலோபிளாஸ்டியில் வரும் தொல்லைகளில் பல, அறுவை அரங்குக்குப் போவதற்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகின்றன. முதல் குற்றவாளி முடி.

முன்கைத் தோலை எடுத்துச் செய்யும் முறையில், ரத்தநாளத்தோடு எடுத்த ஒரே தோல் துண்டை (மடல்) குழாய்க்குள் குழாயாகச் சுருட்டுவார்கள். உள்ளே போவது சிறுநீர்ப்பாதை, வெளியே இருப்பது தண்டு. உட்குழாய்க்குப் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்துத் தோலை ஒதுக்குவார்கள். அங்கே விட்டுப்போன முடி சிறுநீரில் ஊறியபடியே வளரும். அதன்மேல் உப்பு படிந்து கல்லாகும், தொற்று வரும், பாதை அடைபடும். பிறகு அதை அகற்றுவது பெரும்பாடு. லேசர், வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே அழிக்கும் என்பதால் சில வாரங்கள் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் தேவை. வெளுத்த முடிக்கு, மின்சாரத்தால் முடிவேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி. ஓராண்டு முன்பே தொடங்குங்கள். கடைசி அமர்வுக்குப் பின் சுமார் 3 மாதம் விட்டு, மறுபடி முளைக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பகுதி என்பதை அறுவை மருத்துவரே தோலில் வரைந்து காட்ட வேண்டும். உத்தேசமாகச் செய்துகொள்வது வீண்செலவு.

முன்கைத் தோலை எடுக்குமுன் கையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஆலன் சோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள். கையை இறுக மூடி, மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்தி, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுவார்கள். சில விநாடிகளில் சிவப்பு திரும்பாவிட்டால், கட்டைவிரல் பக்கத் தமனியை மடலோடு சேர்த்து எடுப்பது கைக்கே ஆபத்து. அப்போது தொடைத் தோலை யோசிக்கலாம். ஆனால் தொடையில் கொழுப்பு தடிமனாக இருந்தால் உறுப்பு மிகப் பருமனாகிவிடும்.

சிகரெட்டை நிறுத்திவிட்டு நிகோடின் பட்டை ஒட்டிக்கொள்வதும் தவறே. ரத்தநாளத்தைச் சுருக்குவது நிகோடின். இணைத்த நுண்நாளம் அடைபட்டால் மடல் முழுவதும் கருகிப்போகலாம்.

இன்னொரு முறையான மெட்டாய்டியோபிளாஸ்டியில், ஹார்மோனால் வளர்ந்த கிளிட்டோரிஸைப் பிடித்திருக்கும் நார்களை விடுவித்து நீட்டுவார்கள். தொடுவுணர்வு நன்றாக இருக்கும், அளவு சிறியதுதான். ஊடுருவும் உறவை மனத்தில் வைத்து இதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே.

ஃபேலோபிளாஸ்டிக்குப் பின், உறுப்பு விறைக்க உள்ளே பொருத்தும் சாதனத்துக்கும் அவசரப்படக் கூடாது. நரம்பு நாளுக்கு சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். உணர்வு திரும்பாத உறுப்பில் சாதனம் தோலை அரித்து வெளியே வந்தாலும் தெரியாது. பொதுவாக 9 முதல் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

சிறுநீர் பக்கவாட்டில் கசிந்தால் உடனே ஓட்டையைத் தைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சிறிய ஓட்டைகள் சில தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால், அதற்கு அப்பால் பாதை எங்காவது குறுகியிருக்கிறதா என்று முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். குறுக்கத்தை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைத்தால், தேங்கும் சிறுநீரின் அழுத்தம் தையலை மறுபடி பிரித்துவிடும்.