தொண்டை ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில்), தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது எப்படி?
ஸ்வாபை இரண்டு டான்சில்களிலும் தொண்டையின் பின்சுவரிலும் நன்றாகத் தேய்த்து எடுங்கள், நாக்கில் படவே கூடாது. மாதிரி சரியில்லை என்றால் அப்புறம் என்ன செய்தும் வீண்.

5% செம்மறியாட்டு ரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில்) மாதிரியைக் கோடிழுத்துவிட்டு, லூப்பால் (கம்பி வளையத்தால்) இரண்டு மூன்று இடத்தில் அகாருக்குள் குத்தியும் விடுங்கள், ஏனென்றால் ரத்த அணுக்களைக் கரைக்கும் இந்தக் கிருமியின் நச்சான ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். 35 டிகிரியில் ஓர் இரவு வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காலனியைச் சுற்றி ரத்தம் முழுக்கக் கரைந்து தெளிந்திருந்தால் பீட்டா (ஏ குழு இந்த வகைதான்), பச்சையாக இருந்தால் ஆல்ஃபா. கேட்டலேஸ் சோதனையில் (காலனியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடும்போது) குமிழி வந்தால் அது ஸ்ட்ரெப் இல்லை.

பாசிட்ராசின் சோதனையை (அந்த ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் இருக்கிறதா என்று பார்ப்பதை) மட்டும் நம்பாதீர்கள்! பிஒய்ஆர் சோதனையும் (கிருமியின் ஒரு நொதியை நிறமாற்றத்தால் காட்டுவது), ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933-இல் வகுத்த, செல்சுவர்ப் பொருளை வைத்துச் செய்யும் குழுப்பிரிப்பும் ஒத்துப்போனால் மட்டுமே ஏ குழு என்று எழுதுங்கள்.

முதல் நாள் எதுவும் வளரவில்லையா? சரி, 48 மணி நேரம் வரை பாருங்கள். தொண்டைப் புண் தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தால், அதன் பின்விளைவாக இதயத்தைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும், அதனால் இந்த ஒரு நாள் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம்.